217 மில்லிமீட்டர் சுவர்

முதலில் ஒரு கேள்வி. சிவில் மக்கள் மட்டும் கை தூக்குங்க. 217 மில்லிமீட்டர் கனத்துல ஒரு செங்கல் சுவரை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

வாய்ப்பே இல்லை. ஒன்பது இன்ச் சுவர்னா 230. நாலரை இன்ச் சுவர்னா 115. கொத்தனார்கிட்ட போய் "அண்ணே, 217-ல ஒரு சுவர் கட்டிக் குடுங்க"ன்னு கேட்டா, கரண்டியைக் கீழே வெச்சுட்டு உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஆனா என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பிளான்ல, தரைத்தளத்துல, மாடிப்படிக்குப் பக்கத்துல அப்படி ஒரு சுவர் இருந்தது. இரண்டாவது ரெவ்யூவில் எங்க கைடு மேடம் அந்த டைமென்ஷன் மேல பென்சிலை வெச்சாங்க.

"இது என்னப்பா, புது சைஸ் செங்கல்லா?"

நான் சொன்ன பதில்: "லேப்டாப் ஸ்லோ மேடம்."

சிரிக்காதீங்க. அன்னைக்கு அதை நான் முழுசா நம்பினேன். ஆட்டோகேட்ல என் கர்சர் மூணு வாரமா சரியில்லை. மவுஸை வலப்பக்கம் நகர்த்தினா, கிராஸ்ஹேர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அப்புறமா வரும். தண்ணிக்குள்ள கையை அசைக்கிற மாதிரி இருக்கும். சுவர் மூலையில க்ளிக் பண்ணுவேன். க்ளிக் வேற எங்கேயோ விழும். ஸூம் பண்ணிப் பார்த்தா ஒரு நூல் தள்ளி நிக்கும். அழிச்சுட்டு மறுபடி போடுவேன். பன்னிரண்டு மணிக்கு மேல அதுக்கும் பொறுமை இருக்காது. அப்படி ஒரு ராத்திரியில பிறந்ததுதான் அந்த 217.

அடுத்த வாரம் திருத்தின டிராயிங் கொண்டுவரச் சொல்லிட்டாங்க மேடம். நான் வெளியே வந்து நேரா அப்பாவுக்கு போன் போட்டேன்.

இங்கே எங்க வீட்டுக் கணக்கைக் கொஞ்சம் சொல்லணும், அப்பதான் மீதிக் கதை புரியும். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார். இந்த லேப்டாப் முதல் வருஷம் இஎம்ஐ-ல வாங்கினது, 52,000 ரூபாய். கடைசித் தவணை கட்டி ஆறு மாசம்கூட ஆகலை. "அப்பா, லேப்டாப் தாங்கலைப்பா, இதுல ப்ராஜெக்ட் முடிக்க முடியாது"ன்னு சொன்னேன். அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. "எவ்வளவு ஆகும்?"னு மட்டும் கேட்டார். கிராஃபிக்ஸ் கார்டு நல்லா இருக்கிற மாதிரின்னா எழுபது, எழுபத்தஞ்சு ஆகும்னு சொன்னேன். "சரி, ஞாயித்துக்கிழமை சீட்டு ஏலம் இருக்கு, எடுத்துடறேன்"னார்.

அது ஒரு லட்ச ரூபாய் சீட்டு. 20 பேர், மாசம் 5,000. அப்போ எட்டாவது மாசம்தான். சீட்டு போட்ட வீட்டுல வளர்ந்தவங்களுக்குத் தெரியும், பாதியில எடுக்கணும்னா தள்ளி எடுக்கணும். இருபதாயிரத்துக்கு மேல தள்ளினாதான் அந்த மாசம் கைக்கு வரும். அந்தச் சீட்டை அப்பா கடைசி வரைக்கும் விட்டு வெச்சிருந்தது தங்கச்சியோட காலேஜ் அட்மிஷனுக்கு. எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் "சரிப்பா"ன்னு போனை வெச்சேன்.

அது செவ்வாய்க்கிழமை. அடுத்து நான் என்ன பண்ணேன்? நீங்க என்ன பண்ணுவீங்களோ அதைத்தான். "கர்சர் லேக்"னு தேடினேன். கிடைச்சதையெல்லாம் செஞ்சேன்.

இது ஒரு தனி வியாதி. தேடினா முப்பது வழி கிடைக்கும். ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை ஆஃப் பண்ணு. இல்லை, ஆன் பண்ணு. டைனமிக் இன்புட்டை நிறுத்து. செலக்‌ஷன் பிரிவ்யூவை பூஜ்யமாக்கு. ரோல்ஓவர் டிப்ஸை பூஜ்யமாக்கு. செலக்‌ஷன் சைக்கிளிங்கை நிறுத்து. ஆன்டிவைரஸை நிறுத்து. கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுசாப் போடு, முடியலைன்னா பழசைப் போடு. எல்லாமே யாரோ ஒருத்தருக்கு வேலை செஞ்சதுதான், பொய்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் ஒரே ராத்திரியில எட்டு வழியை ஒண்ணா செஞ்சு பார்த்தேன். காலையில கர்சர் கொஞ்சம் பரவாயில்லை மாதிரி இருந்தது. எதனால பரவாயில்லைன்னு தெரியலை. பான் பண்ணும்போது திரை விட்டு விட்டு வந்தது. அது எதனால கெட்டுச்சுன்னும் தெரியலை. (ஆக்சிலரேஷனை ஆஃப் பண்ணதாலன்னு இப்போ தெரியும். 'கிராஃபிக்ஸ்கான்ஃபிக்'னு கமாண்ட் கொடுத்து மறுபடி ஆன் பண்ணதும் சரியாயிடுச்சு.)

போதாக்குறைக்குப் புதன்கிழமை சாயங்காலம் கர்சர் தவளை மாதிரி தாவ ஆரம்பிச்சது. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குத் தாவும், நடுவுல நிக்கவே நிக்காது. முடிஞ்சது லேப்டாப் கதைன்னு நினைச்சேன். ரூம்மேட் மெக்கானிக்கல். எட்டிப் பார்த்தான். என் கீபோர்டுல எஃப்9-ஐ ஒரு தட்டுத் தட்டினான். சரியாயிடுச்சு. ஸ்னாப் மோடு. குறிப்பிட்ட இடைவெளியிலதான் கர்சர் நிக்கணும்னு சொல்ற பட்டன். எஃப்8-ல ஆர்த்தோவை ஆன் பண்ணப் போய், கை தவறிப் பக்கத்துல இருக்கிற எஃப்9-ஐ அமுக்கியிருக்கேன். முதலாமாண்டு ஜூனியர்ஸ், இதை மட்டும் குறிச்சு வெச்சுக்கங்க. கர்சர் *தாவுதுன்னா* முதல்ல எஃப்9. கர்சர் *பின்தங்குதுன்னா* அது வேற கதை. ரெண்டையும் "லேக்"னே சொல்லிக்கிட்டுத் தேடினா ரெண்டும் சரியாகாது.

வெள்ளிக்கிழமை மதியம் பிரின்ட் எடுக்க கேட் லேபுக்குப் போனேன். அங்கே லேப் அண்ணா இருந்தார். நம்ம லேப் அண்ணாவை உங்களுக்குத் தெரியும். ப்ளாட்டர்ல பேப்பர் மாட்டினாலும் ஹெச்ஓடி ரூம்ல ஏசி ரிமோட் வேலை செய்யலைன்னாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. லேப்டாப் வாங்கப் போறேன், எது நல்லதுன்னு அவர்கிட்ட கேட்டேன். ஏன்னு கேட்டார். சொன்னேன். அவர் மாடல் பேர் எதுவும் சொல்லலை. மூணு கேள்வி கேட்டார்.

"டெஸ்க்டாப்ல மவுஸ் ஒழுங்கா ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

"ஆட்டோகேட்ல புது டிராயிங் ஒண்ணு திறந்து, வெறும் ரெண்டு கோடு போட்டுப் பாத்தியா?"

"...இல்லண்ணா."

"உன் ஃபைலை வேற சிஸ்டத்துல திறந்து பாத்தியா?"

அதையும் செய்யலை. மூணு வாரம், எட்டு வழி, ஒரு சீட்டு. இந்த மூணு கேள்விக்குப் பதில் என்கிட்ட இல்லை.

அங்கேயே பேகிலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். புது டிராயிங். கர்சர் வெண்ணெய்ல கத்தி மாதிரி ஓடுது. சார்ஜர் போடாம பேட்டரியில ஓடினப்போ ஒரு பொடி மந்தம் இருந்தது, அவ்வளவுதான். அப்புறம் பென்டிரைவ்ல என் ஃபைலை எடுத்து லேப் சிஸ்டத்துல திறந்தோம். என் லேப்டாப்பைவிட ரெண்டு மடங்கு ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு. திறக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு. மவுஸை அசைச்சேன்.

அதே தண்ணி. அதே கை.

அந்த நொடி எனக்கு சந்தோஷமா வரலை, வயித்தைக் கலக்குச்சு. எழுபத்தஞ்சாயிரம் ரூபாய் லேப்டாப் வாங்கி, இதே ஃபைலை அதுல திறந்து, அதே மாதிரி கர்சர் நகர்றதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அப்போ அப்பாகிட்ட என்ன சொல்லியிருப்பேன்?

கர்சர் ஏன் பின்தங்குதுன்னு லேப் அண்ணா சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். நாம நினைக்கிறது, கர்சர்னா ஒரு அம்பு, அதை நகர்த்த என்ன பெரிய வேலை? டெஸ்க்டாப்ல உண்மையிலேயே பெரிய வேலை இல்லை. ஆட்டோகேட்ல அந்தக் கிராஸ்ஹேர் ஒரு கண்டக்டர் மாதிரி. நீங்க மவுஸை ஒரு இம்மி நகர்த்தினா போதும், பக்கத்துல இருக்கிற ஒவ்வொருத்தர்கிட்டயும் டிக்கெட் கேட்கணும். இந்த இடத்துல கோடு இருக்கா? அதோட எண்ட்பாயிண்ட் எங்கே, மிட்பாயிண்ட் எங்கே? இன்னொரு கோட்டோட வெட்டுதா? எது கிட்ட இருக்கு, எதுல பச்சைச் சதுரம் காட்டணும்? எந்தப் பொருளை ஹைலைட் பண்ணணும்? ஓஸ்னாப்ல பதினாலு டிக்கையும் போட்டு வெச்சிருக்கிற ஆளா நீங்க? அப்போ உங்க கண்டக்டர் ஒவ்வொருத்தர்கிட்டயும் பதினாலு கேள்வி கேட்கிறார்.

காலி டவுன் பஸ்ஸுல அவருக்கு இது ஒரு வேலையே இல்லை. ஸ்கூல் விடுற நேரத்து பஸ்ஸுல? அதனாலதான் புது டிராயிங்ல வெண்ணெய், பழைய டிராயிங்ல தண்ணி. சாதாரண திரை நொடிக்கு 60 தடவை புதுசா வரையுது. ஒரு தடவைக்கு 17 மில்லிசெகண்ட்கூட கிடையாது. அந்த இடைவெளிக்குள்ள கண்டக்டர் வேலையை முடிச்சாதான் கர்சர் நம்ம கையோட வரும். தாமதம் பத்துல ஒரு பங்கு நொடி ஆயிட்டாலே "நான் நகர்த்தினேன், அது நகர்ந்துச்சு"ங்கிற உணர்வு போயிடும். அப்புறம் நம்ம கை தானா அவசரப்படும். தப்பான க்ளிக் அங்கேதான் விழுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு பழங்கதை இருக்கு. 1963-ல எம்ஐடி-யில ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்'னு ஒரு புரோகிராம் எழுதினார். டிஎக்ஸ்-2ன்னு ஒரு கம்ப்யூட்டர், கையில ஒரு லைட் பென். திரையில நேரா வரையலாம். நாம இன்னைக்கு வரையிற எல்லாத்துக்கும் தாத்தா அதுதான். அதுல பேனாவோட கூடவே ஒரு சிலுவைக் குறி ஓடி வரும். பேனாவை ரொம்ப வேகமா அசைச்சா அந்தக் குறியால பிடிக்க முடியாம விட்டுடும். அதையே அவர் ஒரு வசதியா மாத்திட்டார்: கோட்டை முடிக்கணுமா, பேனாவைச் சட்டுனு ஒரு உதறு உதறுங்க, கம்ப்யூட்டர் விட்டுடும், கோடு முடிஞ்சது. அதாவது நம்ம எஸ்கேப் கீ செய்யிற வேலையை அன்னைக்குக் கர்சரோட லேக் செஞ்சிருக்கு. நானும் அன்னைக்கு மூணு வாரமா மவுஸை உதறிக்கிட்டுதான் இருந்தேன், பலன்தான் இல்லை.

சரி, கதைக்கு வருவோம். வில்லன் ஃபைல்னு தெரிஞ்சாச்சு. என் முதல் சந்தேகம் சீனியர்ஸ் மேல.

உங்க டிபார்ட்மெண்ட்லயும் ஒரு ஃபைல் இருக்கும். பரம்பரைச் சொத்து மாதிரி. டைட்டில் பிளாக், பார்டர், கதவு, ஜன்னல், நார்த் சிம்பல், மரம், கார் எல்லாம் உள்ளே ரெடியா இருக்கும். ஒவ்வொரு பேட்ச்சும் பழைய பிளானை அழிச்சுட்டு அதுலயே தன் பிளானை வரையும், அடுத்த பேட்ச்சுக்குக் கொடுக்கும். நானும் அதைத்தான் வாங்கினேன். ஃபைல் சைஸ் 41 எம்பி. ஒரு மூணு மாடி லேடீஸ் ஹாஸ்டலுக்கு 41 எம்பி எதுக்குன்னு ஒரு நாளும் எனக்குத் தோணலை பாருங்க.

அண்ணா 'செலக்ட்'னு அடிச்சு 'ஆல்'னு கொடுத்தார். கமாண்ட் லைன்ல வந்துச்சு: 2,14,386 ஃபவுண்ட்.

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை.

அந்த ஃபைலுக்குள்ள போனது ஒரு பழைய வீட்டுப் பரணைக் காலி பண்ண மாதிரி இருந்தது. எக்ஸ்ரெஃப் பட்டியல்ல நாலு ஃபைல், நாலுமே 'நாட் ஃபவுண்ட்'. ஒண்ணோட பாத் யாரோ ஒரு சீனியரோட பென்டிரைவ். அந்தப் பென்டிரைவ் இப்போ எந்த ஊர்ல இருக்கோ, என் டிராயிங் மட்டும் அதை மறக்காம வெச்சிருக்கு. நாலையும் டிடாச் பண்ணோம். பயன்படாத பிளாக், லேயர், லைன்டைப் எல்லாத்தையும் 'பர்ஜ்' தூக்குச்சு. சாதாரண பர்ஜ்ல போகாத ரெக்ஆப்னு ஒரு குப்பை உண்டு. முன்னாடி ஒரு மைனஸ் போட்டு 'மைனஸ் பர்ஜ்', அப்புறம் 'ஆர்' கொடுத்தாதான் போகும். ஆயிரக்கணக்குல போச்சு. ஸ்கேல் லிஸ்ட்ல எக்ஸ்ரெஃப், எக்ஸ்ரெஃப்னு வால் முளைச்ச நூத்துக்கணக்கான ஸ்கேல்; ரீசெட் பண்ணோம். 'ஆடிட்' கொஞ்சம் பிழையைத் திருத்துச்சு. மரங்களைச் சொல்லணும். பிளான் வியூவுல இலை இலையா வரைஞ்ச மரம், ஒரு மரத்துக்குள்ள ரெண்டாயிரம் கோடு இருக்கும். 22 மரம் நட்டிருந்தேன். எல்லாத்தையும் வெட்டினேன். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மன்னிக்கவும்.

ஃபைல் 41-லிருந்து 19-க்கு வந்தது. கர்சர்? கொஞ்சம் முன்னேற்றம். ஆனா தண்ணி இன்னும் வத்தலை.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. எங்க சைட்டை நாங்களே டோட்டல் ஸ்டேஷன் வெச்சு சர்வே பண்ணோம், ஜிபிஎஸ்-ல எடுத்த கன்ட்ரோல் பாயிண்ட்டோட. அதனால டிராயிங் யுடிஎம் ஆயத்தொலைவுல இருந்தது. திருச்சிப் பக்கம்னா நார்த்திங் சுமார் 11,90,000 மீட்டர். நிலநடுக்கோட்டுல இருந்து நம்ம தூரம் அது. நாங்க வரையிறது மில்லிமீட்டர்ல. அப்போ இன்னும் மூணு சைஃபர் சேருது. ஆட்டோகேட் கணக்குல துல்லியமாத்தான் வெச்சிருக்கும். ஆனா கிராஃபிக்ஸ் கார்டு திரையில வரையும்போது பெரும்பாலும் ஏழு இலக்கம் வரைக்கும்தான் சரியாப் பிடிக்கும். பத்து இலக்க எண்ணைக் கொடுத்தா கோடெல்லாம் நடுங்கும், கர்சரும் ஒட்டாது. கட்டடத்தைத் தனி ஃபைல்ல பூஜ்யம் பக்கத்துல வரைஞ்சு, சைட் பிளான்ல எக்ஸ்ரெஃபா வைக்கிறதுதான் முறை. அதை அண்ணா செய்யச் சொன்னார், செஞ்சேன். ஜூம் பண்ணும்போது இருந்த நடுக்கம் போயிடுச்சு. ஆனா லேக் போகலை.

மணி அஞ்சரை. அண்ணா லேபைப் பூட்டணும். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வழி சொல்லிட்டுப் போனார். "லேயரைப் பாதி பாதியா ஃப்ரீஸ் பண்ணிக்கிட்டே வா. ஆஃப் பண்ணாத, ஃப்ரீஸ் பண்ணு. எந்தப் பாதியை மூடுறப்ப கர்சர் ஓடுதோ, வில்லன் அந்தப் பாதியில இருக்கான்."

ஆஃப் பண்ணா கோடு கண்ணுக்குத்தான் தெரியாது. ஃப்ரீஸ் பண்ணாதான் ஆட்டோகேட் அதைக் கணக்குலயே எடுக்காது. இந்த வித்தியாசத்தை செகண்ட் இயர் லேப்ல மனப்பாடம் பண்ணி ரெண்டு மார்க் வாங்கியிருக்கேன். எதுக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

ராத்திரி ரூம்ல உட்கார்ந்தேன். பர்ஜ் பண்ண பிறகும் 61 லேயர். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'டோன்ட் டச்'னு பேர் வெச்ச லேயரெல்லாம் இருந்தது. லேயர் பூஜ்யத்தைக் கரண்ட் ஆக்கிட்டு (கரண்ட் லேயரை ஃப்ரீஸ் பண்ண விடாது) முதல் 30-ஐ மூடினேன். கர்சர் மந்தம். அப்போ மூடாத 31-ல இருக்கான். அதுல 15. வெண்ணெய்! அப்போ இந்த 15-ல. அதுல 8. அப்புறம் 4. அப்புறம் 2. சிஎஸ்இ மக்கள் "இதுதான்டா பைனரி சர்ச்"னு சிரிக்கிறது கேக்குது. சிரிங்க. மூணு வாரத்துல கிடைக்காதது ஆறு தடவையில, பத்து நிமிஷத்துல கிடைச்சது.

கடைசியா நின்ன லேயரோட பேர் 'காலம்'. தூண்கள்.

அது சீனியர் லேயர் இல்லை. நான் போட்டது.

ஒரு தூணுக்குள்ள ஸூம் பண்ணிப் போனேன். கான்கிரீட் ஹாட்ச். குட்டிக் குட்டி முக்கோணம், புள்ளி, கோடு. ஒரு முக்கோணத்து மேல கர்சரை வெச்சேன். முழு ஹாட்ச்சும் ஹைலைட் ஆகணும் இல்லையா? ஆகலை. அந்த ஒரு குட்டிக் கோடு மட்டும் ஆச்சு. பக்கத்துக் கோடு தனி. அதுக்குப் பக்கத்துது தனி.

அப்போதான் ஞாபகம் வந்தது. டிசம்பர்ல ஸ்ட்ரக்சுரல் டிசைன் முடிஞ்சு தூண் சைஸை 230-க்கு 300-ல இருந்து 230-க்கு 450-ஆ மாத்த வேண்டி வந்தது. பரம்பரை ஃபைல்ல இருந்து எடுத்த தூணை ஸ்ட்ரெட்ச் பண்ணேன். ஹாட்ச் அடம் பிடிச்சது. எனக்குக் கோபம். எக்ஸ்ப்ளோட். எண்டர். இருந்த ஹாட்ச்சை மேல இழுத்து ஒட்டி, அந்தத் தூணை 48 இடத்துல காப்பி பண்ணேன். வேலை முடிஞ்சதுன்னு டீ குடிக்கப் போனேன்.

ஹாட்ச் ஒரே பொருளா இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. 'இக்னோர் ஹாட்ச் ஆப்ஜெக்ட்ஸ்'னு ஆப்ஷன்ஸ்ல, டிராஃப்டிங் டேப்ல ஒரு டிக் உண்டு. வழக்கமா போட்டே இருக்கும். ஓஸ்னாப் ஹாட்ச்சைக் கண்டுக்காது. எக்ஸ்ப்ளோட் பண்ண நொடியில அது ஹாட்ச் இல்லை, வெறும் கோடுகள். என் ஒரு தூணுக்குள்ள 3,600-க்கு மேல. ஸ்கேல் சின்னதா வெச்ச சீனியரையும் கொஞ்சம் திட்டிக்கலாம். 48 தூண். கணக்குப் போட்டுக்கங்க. அந்த ரெண்டு லட்சத்துல பெரும்பங்கு நான் ஒரு எண்டர் தட்டி உண்டாக்கினது.

அந்த 217-ம் அங்கேயே இருந்தது. சுவரோட மூலை தூண்ல முட்டுற இடம். நான் க்ளிக் பண்ணது மூலையில. ஆனா கர்சர் பின்தங்கி வந்தப்போ ஓஸ்னாப் பிடிச்சது மூலையை இல்லை, 13 மில்லிமீட்டர் தள்ளி இருந்த ஒரு ஜல்லித் துண்டோட நுனியை. 230-ல 13 போனா 217. வெளியில பார்க்க கோடு சரியா இருக்கிற மாதிரியே இருந்தது.

குயிக் செலக்ட் திறந்தேன். லேயர் 'காலம்', பொருள் 'லைன்', நீளம் 30-க்குக் குறைவு. தூணோட பக்கங்கள் 230-ம் 450-ம், அதனால அதுங்க தப்பிச்சுடும். டிலீட். லேப்டாப் அரை நிமிஷம் உறைஞ்சது. மிச்சம் இருந்த புள்ளிகளையும் அதே மாதிரி தூக்கிட்டு, தூணுக்கெல்லாம் சாலிட் ஹாட்ச் ஒண்ணு போட்டேன். ஒரு தூணுக்கு ஒரு பொருள். ஃபைல் 3.2 எம்பி.

மவுஸை அசைச்சேன். அசைச்சுக்கிட்டே இருந்தேன். ரூம்மேட் "என்னடா பண்றே?"ன்னான். சும்மா வட்டம் போட்டுக்கிட்டிருந்தேன்.

அப்புறம் வரிசையா எல்லாச் சுவரையும் அளந்தேன். இன்னும் பதினொரு சுவர் தப்பு. 224, 219, 236. மேடம் பென்சில் படாத சுவர்கள். ஒரு டாய்லெட்டோட உள் அளவு 1200-க்கு 1185-தான் இருந்தது. இது காகிதத்துல இருக்கிற ஹாஸ்டல், யாரும் கட்டப் போறதில்லை. ஆனா அடுத்த வருஷம் ஏதாவது ஆபீஸ்ல உட்கார்ந்து இதே கையால வரைவேன், அதை வெச்சு ஒருத்தர் தரையில சுண்ணாம்பு கோடு போடுவார். ராத்திரி ரெண்டரை வரைக்கும் உட்கார்ந்து பன்னிரண்டு சுவரையும் திருத்தினேன்.

லேப்டாப் மேல தப்பே இல்லையான்னு கேட்டா, கொஞ்சம் இருந்தது. ஆட்டோகேட் தனி கிராஃபிக்ஸை விட்டுட்டு, ப்ராசஸரோட வர்ற கிராஃபிக்ஸ்லயே ஓடிக்கிட்டிருந்தது. விண்டோஸ் செட்டிங்ஸ்ல, டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ்னு போய் ஆட்டோகேடுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' வெச்சேன். வரையிறப்போ சார்ஜர் போட்டுக்கிறேன். உங்ககிட்ட கேமிங் மவுஸ் இருந்தா அதோட போலிங் ரேட்டையும் பாருங்க. நொடிக்கு 1,000 தடவை "நகர்ந்துட்டேன்"னு கத்துற மவுஸ், பாவம் அந்தக் கண்டக்டரை இன்னும் நசுக்கும். 125-க்கு இறக்கினா நிறைய பேருக்குச் சரியாகுது.

சனிக்கிழமை காலை அப்பாவுக்குப் போன் பண்ணேன். லோடு இறக்கிக்கிட்டிருந்தார், பின்னாடி சத்தம்.

"அப்பா, லேப்டாப் வேணாம்பா. இதுவே நல்லாத்தான் இருக்கு."

"தாங்கலைன்னே?"

"நான்தான்பா ஃபைல்ல ஒரு தப்பு பண்ணி வெச்சிருந்தேன். லேப்டாப் மேல தப்பில்லை."

கொஞ்ச நேரம் சத்தம் மட்டும்தான் வந்தது. திட்டப் போறார்னு நினைச்சேன்.

"அப்ப நாளைக்கு ஏலத்துக்குப் போக வேணாம்?"

"வேணாம்பா."

"சரி, ரெண்டு லோடு இருக்குன்னு கூப்பிட்டாங்க. அதுக்குப் போயிடறேன்" என்று வைத்துவிட்டார்.

ரெவ்யூ முடிஞ்சது. மேடம் மாடிப்படிப் பக்கத்துச் சுவரைத் தேடிப் போய்ப் பார்த்தாங்க. 230. டிக் போட்டுட்டு அடுத்த ஷீட்டைத் திருப்பினாங்க.

போன வாரம் பரம்பரை ஃபைலைச் சுத்தம் பண்ணி, டைட்டில் பிளாக், கதவு, ஜன்னல், நார்த் சிம்பல் மட்டும் வெச்சு, ஒரு எம்பி-க்குள்ள டெம்ப்ளேட்டா மாத்தி மூணாமாண்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். தூணை எக்ஸ்ப்ளோட் பண்ணாதீங்கன்னு ஒரு நீண்ட மெசேஜும் போட்டேன். அரை மணி நேரம் யாரும் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஒரு ஜூனியர்கிட்ட இருந்து ஒரு மெசேஜ்.

"சூப்பர்ண்ணா. அந்த மரம் இருக்கிற பழைய ஃபைல் இருந்தா அனுப்புங்கண்ணா."